வெட்டிய சுரங்கத்தில் மீண்டும் காடு



பூமியைத் தோண்டிக் கனிப்பொருளை எடுத்துக்கொண்ட பின்பு அந்த நிலத்தை என்ன செய்வது என்னும் கேள்வி, தோண்டியவர்களுக்குக் கடைசியாகவும், அங்கே அதுவரை வாழ்ந்திருந்த ஜீவராசிகளுக்கு முதலாவதாகவும் எழுகின்ற கேள்வியாகும். பெரும்பாலான தேசங்களில் அதற்குக் கொடுக்கப்படும் விடை நமக்குப் பழக்கமானதே: விரைவில் வளரக்கூடிய ஏதோ ஒரு ஜாதி மரத்தைக் குழியின் கரையில் வரிசை பிடித்து நட்டு, பிரமுகர் ஒருவரைக் கொண்டு முதற்கன்றுக்கு நீர் வார்க்கச் செய்து, அதன் அருகில் ஒரு கல்வெட்டையும் நாட்டிவிடுவது. அந்தக் காரியத்தை நான் இகழ வரவில்லை; கட்டாந்தரையைக் காட்டிலும் நிழல் மேலானதுதான். ஆனால் நிழல் தருவதெல்லாம் காடாகிவிடாது. ஒரு காட்டில் எந்தச் செடி இருந்ததோ அந்தச் செடியும், அதை அண்டிப் பிழைத்த எறும்பும் அரணையும் பறவையும் திரும்பி வந்து, மனிதன் கை கொடுக்காமலே தம் சந்ததியைப் பெருக்கத் தொடங்கினாலன்றி, அழிந்த காடு திரும்பிற்று என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அப்படித் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு தூரம் சாத்தியம், எந்த இடத்தில் மனித பிரயத்தனம் நின்றுவிடுகிறது என்பதையே இன்று உங்கள் முன் விசாரிக்க விரும்புகிறேன்.

அலுமினியப் பாத்திரம் புழங்காத வீடு நம் நாட்டில் அரிது. அந்த உலோகத்துக்கு மூலமாகிய பாக்சைட்டு என்னும் செந்நிறக் கல் நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உண்டு. மேட்டூர் ஆலைக்காக அது பல ஆண்டுகள் அங்கிருந்து வெட்டியெடுக்கப்பட்டதைச் சேலத்து அன்பர்கள் அறிவார்கள். எனினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட இடம் சமுத்திரத்துக்கு அப்பால், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கிழக்கே, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் டார்லிங் மலைத்தொடர். ஒரே காட்டில், ஒரே கனிமத்தை, ஒரே நிறுவனம் அறுபது ஆண்டுகளாக எடுத்து, எடுத்த இடத்தில் நட்டு, நட்டது பிழையென்று கண்டு மாற்றி, மாற்றியதன் பலனையும் வருஷந்தோறும் அளந்து எழுதி வைத்திருக்கும் அநுபவம் உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று. அதுவே நான் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம்.

முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை, தாவர சாஸ்திரிகளுக்கு ஒரு புண்ணிய ஸ்தலம் போன்றது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பூக்குந் தாவர ஜாதிகள் அங்கே உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி உலகில் வேறு எங்கும் இல்லாதவை. மழை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்யும். கோடை நெருப்பாகக் காயும். மண்ணோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையில் அலசப்பட்டுச் சாரம் இழந்த மண். இந்த வறுமைக்குள்தான் ஜாரா என்னும் மரம் முப்பது நாற்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. தைல மரத்தின் குலத்தைச் சேர்ந்த இது, அந்த மூலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கருஞ்சிவப்பான அதன் கட்டை எளிதில் உளுக்காது என்பதற்காக, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லண்டன் மாநகரத்து வீதிகளில் கல்லுக்குப் பதிலாக அதைப் பாவியிருந்தார்கள் என்றால் அதன் உறுதியை ஊகித்துக்கொள்ளலாம். ஜாராவோடு கலந்து மர்ரி என்னும் மற்றொரு மரமும், இரண்டுக்கும் கீழே பாங்க்ஸியாவும் கருவேலின் உறவினச் செடிகளும் கோரைகளும், கரிய அடிமரத்தின் உச்சியில் புற்கற்றையைச் சூடி நிற்கும் புல்மரமும் அடர்ந்திருக்கும். நூங்கர் என்னும் ஆதிக்குடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக இந்தக் காட்டில் வாழ்ந்தும், உரிய பருவத்தில் தீ மூட்டியும் அதைப் பேணி வந்தவர்கள்.

பாக்சைட்டு அங்கே ஆழத்தில் இல்லை. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே பாறைபோல் இறுகிய ஒரு பட்டையாகவும், அதன் அடியில் பொலபொலவென்று உதிரும் செங்கப்பியாகவும் நான்கைந்து மீட்டர் கனத்துக்குக் கிடக்கிறது. அதற்குக் கீழே வெளுத்த களிமண். ஆகையால் சுரங்கம் என்றால் நாம் கற்பனை செய்துகொள்ளும் இருண்ட குகை எதுவும் இல்லை. காட்டின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக, சில ஏக்கர் முதல் பல பத்து ஏக்கர் வரை, மரங்களை அறுத்து, மண்ணை வழித்து, பட்டைப்பாறையை வெடி வைத்துத் தகர்த்து, களிமண் தெரியும்வரை வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள். அல்கோவா நிறுவனம் 1963-இல் ஜாராடேல் என்ற ஊரில் இந்த வேலையைத் தொடங்கிற்று; மூன்று ஆண்டுகள் கழித்து, அதாவது 1966-இல், மறுநடவும் தொடங்கிற்று.

அந்த முதல் இருபது ஆண்டுகளின் மறுநடவு எப்படி இருந்தது? இன்று அதைப் பார்ப்பவர் எவரும் அங்கே ஒரு தோப்பைக் காண்பார், காட்டைக் காணமாட்டார். பைன் மரங்களையும், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்த வேறு தைல மரங்களையும் அவர்கள் நட்டார்கள். அதற்கு நியாயம் இல்லாமலில்லை. அந்தக் காலத்தில் ஜாரா மரங்கள் காரணம் தெரியாமல் கூட்டங்கூட்டமாக உலர்ந்து மடிந்துகொண்டிருந்தன. வேரைத் தின்னும் பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமியே அதற்குக் காரணம் என்பது 1960-களின் நடுவில்தான் நிச்சயமாயிற்று. 1922-இல் சுமத்திரா தீவின் இலவங்கப்பட்டை மரங்களில் முதன்முதல் அடையாளம் காணப்பட்ட அதே கிருமி. நனைந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு லாரிச் சக்கரத்தில் ஏறிப் பிரயாணம் செய்யும் வல்லமை அதற்கு உண்டாகையால், இன்றுவரை ஆரோக்கியமான காட்டுக்குள் நுழையும் வண்டிகளைக் கழுவித்தான் விடுகிறார்கள். சாகிற மரத்தை எதற்கு மறுபடி நடுவது, நோய்க்கு அசையாத மரத்தை நடுவோமே என்று வன அதிகாரிகள் எண்ணியதை நாம் பரிகசிக்க முடியாது.

ஆனால் விளைவு என்னவாயிற்று? கிழக்கத்தி மரங்கள் செழித்து வளர்ந்தன. அவற்றின் அடியில் உள்ளூர்ச் செடிகள் சொற்பமாகவே தழைத்தன. ஒரே தேசம், ஒரே குலத்து மரம், ஆனாலும் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தவுடன் அது அந்நியமே. நாம் இதை வேறு முகமாக அறிவோம். அதே ஆஸ்திரேலியாவிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கு முன்பே வந்து நம் நீலகிரியின் புல்வெளிகளில் ஏறிய தைல மரமும் சீகை மரமும், அங்கே வரையாடு மேய்ந்த புல்லை மூடி, சோலைக்காட்டின் ஓரத்தை நெருக்கி, இன்று அகற்றவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் நிற்கின்றன. மரம் என்றாலே நன்மை என்ற நம்பிக்கை உதகமண்டலத்திலும் ஜாராடேலிலும் ஒரே பிழையைச் செய்திருக்கிறது. ஜாராடேலில் அந்தப் பிழையை 1988 முதல் திருத்திக்கொண்டார்கள். அவ்வாண்டுக்குப் பின் விதைத்தவை எல்லாம் அந்தக் காட்டுக்கே உரிய ஜாராவும் மர்ரியும் அவற்றின் கீழ்ச்செடிகளுமே. முன்பு நட்ட தோப்புகளோ நட்டபடியே நிற்கின்றன.

இனி இந்த வித்தையின் உயிர்நிலைக்கு வருகிறேன். காடு நம் தலைக்கு மேலே இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்; அதன் பெரும்பகுதி நம் காலுக்குக் கீழே இருக்கிறது. ஜாராக் காட்டில் விழுந்து கிடக்கும் விதைகளில் மிகப் பெரும்பாலானவை தரையின் மேல் ஐந்து சென்டிமீட்டருக்குள் உறங்குகின்றன; அவற்றோடு, வேர்களுக்கு உணவூட்டும் பூஞ்சை இழைகளும், பூச்சிகளும், புழுக்களும், இன்னும் நாம் பெயரிடாத பல நுண்ணுயிர்களும். ஐந்து சென்டிமீட்டர் என்பது நம் சுட்டுவிரலின் நீளங்கூட இல்லை. பாக்சைட்டு மேல் கண் வைத்த மண்வாரி இயந்திரம் ஒரே வீச்சில் அரை மீட்டர் ஆழத்துக்கு வழித்து ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால், அந்தச் சன்னமான உயிர்ப்படலம் உயிரற்ற மண்ணோடு கலந்து, பத்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். ஆழத்தில் புதைந்த விதை முளைத்தாலும் வெளிச்சத்தை எட்டுமுன் செத்துப்போகும்.

அதனால் அங்கே மண்ணை இரண்டு முறை வழிக்கிறார்கள். முதலில் ஒரு சாண் கனத்துக்கும் குறைவான மேல்மண்ணைத் தனியாக. பிறகு அதன் அடியிலுள்ள கப்பிமண்ணைத் தனியாக. கப்பிமண் எத்தனை காலம் வேண்டுமானாலும் குவியலாகக் கிடக்கலாம்; மேல்மண் கிடக்கக்கூடாது. அதை நான் உறைமோருக்கு ஒப்பிடுவேன்: பாலில் இடும் ஒரு கரண்டி மோரில் நாளைய தயிர் முழுதும் அடங்கியிருக்கிறது என்றாலும், அந்த மோரை மாதக்கணக்கில் மூலையில் வைத்திருந்தால் அதனால் பிரயோசனம் இல்லை. குவியலாகக் கொட்டி வைத்த மேல்மண்ணில் ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து விதைகள் முளைத்து மடிகின்றன, அல்லது அழுகுகின்றன. ஒன்றிரண்டு ஆண்டில் அது வெறும் மண். ஆகவே ஒரு குழிக்காகப் புதிதாக வழித்த மேல்மண்ணை, வேலை முடிந்து மூடத் தயாராயிருக்கும் வேறொரு குழிக்கு நேரே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரப்பிவிடுகிறார்கள். கேட்பதற்கு எளிதாயிருக்கும் இந்தக் காரியத்துக்கு, எந்தக் குழி எந்த மாதத்தில் திறக்கும், எது எந்த மாதத்தில் மூடும், இரண்டும் நோயற்ற பகுதிகள்தாமா, வழிக்கும்போது மண் உலர்ந்திருக்கிறதா என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மறுநடவு என்பது சுரங்கம் மூடிய பிறகு தொடங்கும் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். முதல் மண்வாரி இறங்கும் நாளிலேயே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. நம் நாட்டுச் சுரங்கத் திட்டங்களிலும் மேல்மண்ணைப் பாதுகாக்கும் நிபந்தனை எழுத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடக்கும் ஒரு மேட்டைக் காட்டி நிபந்தனை நிறைவேறிற்று என்று சொல்லிவிடவும் முடிகிறது.

மண்ணைப் பரப்புவதற்கு முன் செய்யவேண்டிய மற்றொன்றும் உண்டு. கனத்த வண்டிகள் ஓடி ஓடிக் குழியின் தரை செங்கல் சூளைத் தளம்போல் இறுகிப் போயிருக்கும். ஜாரா தன் ஆணிவேரைப் பல பத்து மீட்டர் கீழே அனுப்பித்தான் கோடையைக் கடக்கிறது. அந்தத் தரையில் மோதினால் வேர் வளைந்து பக்கவாட்டில் படரும், நாலைந்து வருஷத்தில் ஒரு வறட்சியில் மரம் சாயும். ஆகையால் புல்டோசரின் பின்னே ஆள் உயர இரும்புக் கொழுவைப் பூட்டி, ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தரையைப் பிளக்கிறார்கள். மண்ணைப் பரப்பிய பின் மறுபடி ஒரு முறை, இம்முறை சரிவுக்குக் குறுக்காகச் சமமட்டத்தில் உழுகிறார்கள். மழைநீர் ஓடாமல் சாலுக்குள் நின்று இறங்க வேண்டும் என்பதற்காக. அந்த உழவு முடிந்தவுடன், மேற்பரப்பு ஏடு கட்டுமுன் விதை விழுந்துவிட வேண்டும். நம் மானாவாரி விவசாயி யாரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்.

விதைப்பிலும் விந்தைகள் உண்டு. பெருந்தீ கடந்துபோன பின்பே முளைக்கும் பழக்கம் அந்தக் காட்டுச் செடிகள் பலவற்றுக்கு. கருவேலின் உறவுகளுக்குத் தோல் கெட்டி. வெந்நீரில் இட்டு எடுத்தால்தான் அவை கண் திறக்கும். இது வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. ஆனால் வேறு பல ஜாதிகள் வெந்நீருக்கும் மசியவில்லை, தோலைச் சுரண்டினாலும் மசியவில்லை. 1990-இல் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, பௌச்சர் என்னும் இருவர், தீயின் உஷ்ணத்தைக் காட்டிலும் அதன் புகையே சில விதைகளை எழுப்புகிறது என்று கண்டறிந்தார்கள். அந்தச் செய்தி பெர்த் நகரத்துக் கிங்ஸ் பார்க் தாவரத் தோட்டத்துக்கு எட்டியது; அங்கே கிங்ஸ்லி டிக்சன் முதலிய விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்ததில், அதுவரை முளைக்கவே மாட்டோம் என்று சாதித்த எத்தனையோ ஜாதிகள் புகை பட்டவுடன் முளைத்தன. ஒரு பீப்பாயில் காட்டுச் சருகையும் தழையையும் மூட்டிப் புகையவிட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழியிட்டு ஓடச் செய்கிறார்கள். தண்ணீர் தேநீர் நிறம் கொள்கிறது. அதில் ஊறிய விதை, காட்டுத்தீ கடந்துவிட்டது என்று நம்பிப் பிழைக்க எழுகிறது. புகையில் கலந்திருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களுள் இந்த வேலையைச் செய்யும் ஒரு சேர்மத்தை 2004-இல் பிரித்தெடுத்தும் விட்டார்கள். அது வேண்டிய அளவோ அணுப்பிரமாணம்.

இவ்வளவுக்கும் பணியாத ஒரு கூட்டம் மிஞ்சிற்று. கோரையும் நாணலும் போன்ற சில செடிகள் அந்தக் காட்டில் தரையடித் தண்டினாலேயே பரவுகின்றன. விதை வைப்பது அபூர்வம், வைத்தாலும் பொக்கு. கண்ணைக் கவரும் பூவோ விற்பனைக்குரிய கட்டையோ இல்லாத இவற்றை விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆயினும் தரையோடு தரையாக மண்ணைப் பிடித்துக்கொண்டு, பல்லிக்கும் பூச்சிக்கும் மறைவு தருவன அவையே. அவற்றைச் சோதனைச்சாலைக் கண்ணாடிக் குடுவைகளில் திசு வளர்ப்பு முறையால் பெருக்கி, நாற்றங்காலில் தேற்றி, மழை பிடித்த பின் ஒவ்வொன்றாகக் கையால் நட்டார்கள். ஒரு பிடிக் கோரைக்கு இத்தனை செலவா என்று கேட்பவர் கேட்கட்டும். இந்தச் செலவுதான் தோப்புக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் விலை.

உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழை மண்ணிலேயே பிறந்து பழகிய செடிகள் பல, மணிச்சத்து அதிகமானால் நோயுற்று மடிகின்றன. பாங்க்ஸியாவின் குலத்தில் பலவும் அப்படி. தாராளமாக உரம் இட்ட ஆண்டுகளில் கருவேலின் உறவுகள் மட்டும் புதராக மண்டி மற்றவற்றை அமுக்கிவிட்டன. பிறகு உரத்தைக் குறைத்தார்கள்.

இவ்வாறெல்லாம் செய்து, அருகிலுள்ள வெட்டாத காட்டில் ஒரு குறித்த பரப்பில் எத்தனை செடி ஜாதிகள் உண்டோ அத்தனையும் விதைத்துப் பதினைந்து மாதமான நிலத்திலும் சராசரியாக இருக்க வேண்டும் என்று தங்களுக்கே ஓர் இலக்கு வைத்துக்கொண்டு, 2001-இல் அதை எட்டினார்கள். 2005-இல் ஜாராடேலில் 975 ஹெக்டேர் நிலம் வேலை முடிந்ததென்று அரசாங்கத்தின் சான்றிதழும் பெற்றது. இது சாமான்ய சாதனை அன்று. ஆனால் ஜாதிகளின் எண்ணிக்கையைச் சமமாக்கியதால் காடும் சமமாகிவிட்டது என்று விளம்பரம் செய்தபோது, எண்ணத் தெரிந்ததை மட்டுமே எண்ணிவிட்டு எண்ணத் தெரியாததும் அதில் அடங்கிற்று என்று சாதிக்கும் நம் காலத்துப் பொதுக் குறை அங்கேயும் தலைகாட்டிற்று என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் செடிக்கு இட்ட தேர்வு வேறு, பிராணிகள் இடுகின்ற தேர்வு வேறு. ஜொனாதன் மேஜர் என்னும் ஆராய்ச்சியாளர் 1970-களிலிருந்தே இந்தக் குழிகளில் எறும்புகளை எண்ணி வந்தார். எறும்பு அங்கே அற்பப் பிராணி அன்று. எத்தனையோ செடிகள் தங்கள் விதையின் நுனியில் ஒரு துளிக் கொழுப்பை வைத்து, எறும்பு அதைப் புற்றுக்கு இழுத்துப்போய்த் தின்றுவிட்டு விதையை மண்ணுக்குள் போட்டுவிடும்படி ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. எறும்பு திரும்பாத நிலத்தில் அந்தச் செடிகள் ஒரு தலைமுறை வாழலாம், மறுதலைமுறைக்கு வழியில்லை. நல்ல வேளையாக எறும்புகள் சீக்கிரமே வந்தன. ஆனால் எல்லாக் குலமும் அல்ல, வந்தவையும் அதே விகிதத்தில் அல்ல. பறவைகளில் பெரும்பாலானவை பத்தாண்டுக்குள் இறங்கிவிட்டன. தாமதித்தவர்கள் தரைவாசிகளே. நெப்போலியன் அரணை என்றொரு பிராணி. விழுந்து மக்கிய பெருமரத்தின் வெடிப்புக்குள் ஒடுங்கி வெயில் காய்வது அதன் ஜீவனம். புதிய காட்டில் மரம் இருக்கிறது, சருகு இருக்கிறது, விழுந்து மக்கிய கட்டை மட்டும் இல்லை, அரணையும் இல்லை. மார்டோ என்னும் சிறு மூஞ்சூறு போன்ற பைம்மாவுக்கும் இதே குறை. அதற்காகக் காட்டை வெட்டும்போதே பருத்த கட்டைகளையும் பாறைகளையும் எரிக்காமல் ஒதுக்கி வைத்து, மூடிய குழிகளில் குவியல் குவியலாகப் போடுகிறார்கள். குவியல் போதாது, காட்டில் கிடப்பதுபோல் பரவலாகக் கிடக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நரியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஐரோப்பியர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட செந்நரி, அந்தக் கண்டத்துச் சிறு விலங்குகளைச் சூறையாடிவிட்டது. எவ்வளவு நேர்த்தியாக நட்டாலும் நரி உள்ள காட்டுக்கு அவை திரும்பமாட்டா. இதற்கு மருந்து அந்தக் காட்டுக்குள்ளேயே முளைத்திருந்தது. காஸ்ட்ரோலோபியம் என்னும் அவரைக் குலத்துச் செடி தன் இலையில் ஒரு கொடிய நஞ்சைச் சேர்த்து வைத்திருக்கிறது. முதலில் குடியேறியவர்களின் ஆடுமாடுகள் அதைத் தின்று மந்தை மந்தையாக மாண்டன. அந்தச் செடியோடு யுகயுகமாகக் கூடி வளர்ந்த உள்ளூர்ப் பிராணிகளுக்கோ அந்த நஞ்சு பெரும்பாலும் ஏறுவதில்லை. அதே நஞ்சை இறைச்சித் துண்டில் வைத்துக் காட்டில் வீசினால் நரி சாகும்; உள்ளூர்ப் பிராணி தப்பும். 1996 முதல் அரசாங்கம் இதைப் பெரிய அளவில் செய்து வருகிறது.

எங்கும் எப்போதும் உள்ளூர்ச் செடியே முதலில் என்று நான் பிடிவாதம் செய்வதாக நீங்கள் நினைத்துவிடக்கூடாது. கென்யாவில் மொம்பாசா துறைமுகத்துக்கு வடக்கே, பம்பூரி என்ற இடத்தில், சிமெண்டு ஆலைக்காகப் பவழப்பாறையை வெட்டியெடுத்த குழிகளில் மேல்மண் ஒரு கையளவும் மிஞ்சவில்லை, அடியில் உப்புநீர். அங்கே 1971-இல் ரெனே ஹாலர் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் இருபத்தாறு ஜாதி மரங்களை நட்டுப் பார்த்தார், பிழைத்தவை மூன்று. அவற்றில் முந்தி நின்றது நம் கடற்கரைச் சவுக்கு, அந்தக் கரைக்கு விருந்தாளியாக வந்த மரம். சவுக்கின் ஊசியிலைகள் மக்காமல் மெத்தையாகக் கிடந்தபோது, அவற்றைத் தின்னும் செங்கால் மரவட்டைகளைப் பிடித்துவந்து விட்டார். மரவட்டை தின்று கழித்ததே மண்ணாயிற்று. அந்த மண்ணில் பிற்பாடு உள்ளூர் மரங்கள் ஏறின. மண்ணே போய்விட்ட இடத்தில் செவிலித்தாயாக அந்நிய மரத்தை வைத்துக்கொள்வதில் தோஷமில்லை. ஜாராடேலில் மண் இருந்தது, செவிலி தேவைப்படவில்லை.

கடைசியாகக் கருங்காக்கட்டூக் கிளிகளின் விஷயம். அந்தக் காட்டில் மூன்று ஜாதிகள் உண்டு. மூன்றும் அருகி வருபவை. பாடின் காக்கட்டூ என்பதன் மேலலகு நீண்டு கூரியது; மர்ரிக் காயின் வாயில் அதை விட்டு, காயை உடைக்காமலே விதையை நிமிண்டி எடுத்துவிடும். செவ்வால் காக்கட்டூவோ காயையே கடித்துச் சிதைக்கும். மரத்தடியில் கிடக்கும் காயைப் பொறுக்கிப் பார்த்தே வந்தது யார் என்று அவ்வூரார் சொல்லிவிடுகிறார்கள். மறுநடவு செய்த காட்டில் பாங்க்ஸியாவும் ஹேக்கியா என்னும் செடியும் காய்க்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இப்பறவைகள் அங்கே வந்து தின்றதைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்தார்கள். தின்பதற்கு வந்தன, தங்கவில்லை. முட்டையிட அவற்றுக்கு வேண்டியது ஆழமான மரப்பொந்து. பொந்து விழுவதற்கு ஜாராவோ மர்ரியோ நூற்றைம்பது இருநூறு ஆண்டு வாழ்ந்து, கிளை முறிந்து, உள்ளே கறையான் அரித்து, நெருப்பில் கருகிக் குடைவுபட வேண்டும். 1988-இல் விதைத்த மரத்துக்கு இன்னும் நாற்பது வயதுகூட நிறையவில்லை. நாற்றங்காலில் கோரையைப் பெருக்கலாம், பீப்பாயில் புகையைப் பிடிக்கலாம். கிழட்டு மரத்தைத் தயாரிக்கும் சாஸ்திரம் எந்தச் சர்வகலாசாலையிலும் இல்லை. செயற்கைப் பொந்துகளைச் செய்து மரத்தில் கட்டுகிறார்கள்; சில இடங்களில் பறவைகள் ஏற்றுக்கொள்கின்றன; ஆனால் அலகால் கொத்தி அரிக்கப்படும் அந்தக் குழாய்களை அடிக்கடி பழுதுபார்க்க யாரேனும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த நூற்றைம்பது ஆண்டு கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. அப்பிரதேசத்துக் குளிர்கால மழை 1970-க்குப் பிறகு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 2010-இன் வறட்சியும் அதையடுத்த கோடையின் உஷ்ணமும் வெட்டாத காட்டிலேயே மரங்களைத் திட்டுத் திட்டாகக் கருக்கின. முப்பதாண்டு முந்திய மழைக்கணக்கில் நெருக்கமாக விதைத்த இளங்காடுகள் எதிர்காலத்தில் நீருக்குப் போட்டியிட்டு எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று நிபுணர்கள் கவலைப்படுகிறார்கள். சுயேச்சையான ஆய்வாளர்கள் சிலர் அண்மை ஆண்டுகளில் இந்த மறுநடவுக்கு நிறுவனம் தனக்குத்தானே இட்டுக்கொண்ட மதிப்பெண்ணைவிட மிகக் குறைவாகவே இட்டிருக்கிறார்கள். நிறுவனம் அதை மறுக்கிறது. இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் சங்கதி ஒன்று உண்டு: குழிகளுக்கு இடையே வெட்டாமல் விட்ட பழைய காட்டுத் திட்டுகள் இல்லாவிட்டால், எறும்பும் பறவையும் வந்து சேர்வதற்குப் புறப்படும் இடமே இருந்திராது.

ஆகவே இன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் வழக்கெல்லாம் வெட்டாமல் விடவேண்டியது எவ்வளவு என்பதைப் பற்றியே நடக்கிறது. 2024 ஜனவரி முதல் தேதியோடு அரசாங்கக் காடுகளில் கட்டைக்காக மரம் வெட்டும் தொழிலை அந்த மாநிலம் நிறுத்திவிட்டது. பாக்சைட்டுக்காகக் காட்டை அகற்றுவது அந்தத் தடைக்குள் அடங்கவில்லை. மரக்கட்டைக்காக வெட்டக்கூடாத மரத்தை, அதன் அடியிலுள்ள கல்லுக்காக வெட்டலாம் என்பது வேடிக்கையான நியாயமாக உங்களுக்குத் தோன்றலாம். அந்த ஊராருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பொந்து உள்ள மரங்களையும், இன்னும் ஐம்பது அறுபது ஆண்டில் பொந்து விழக்கூடிய பருத்த மரங்களையும் முன்கூட்டி அளந்து குறித்து, அவற்றைச் சுற்றி இடம் விட்டே குழியின் எல்லையை வரைய வேண்டும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.